உள்ளதைச் சொல்லும் கண்ணாடி

அறப்பளீசுவரர் சாட்சியாக, எட்டுக்கை அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யிருந்தால் என் மிளகுக் கொடி வேரோடு பட்டுப்போகட்டும். எனக்கு மிளகுக் கொடியே கிடையாது என்று ராசு சொல்லித் திரிவான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு தடவை சாகவிட்டவன் அவன்.

செம்மேட்டுச் சந்தையில், வாட்ச் ரிப்பேர் செங்கோடனின் மேசை முன்னால் நின்று, தேன்மொழி இரண்டாவது பூதக்கண்ணாடியையும் கீழே வைத்தாள். அது கண்ணில் செருகிக்கொள்ளும் வாட்ச்காரர் லென்சு. அவளுடைய அப்பா சின்னமுத்துவுக்குக் கண் குழி விழுந்து போயிருந்தது, செருகினால் நிற்காது.

"ஏனுங்க, என்னத்தப் பாக்கறதுக்குங்க?" என்றார் செங்கோடன். "பாக்கற சாமானத்தச் சொன்னீங்கன்னா கண்ணாடிய நான் சொல்லிப்போடுவேன்."

"அட்டைங்க. எங்கப்பா சேத்து வெச்ச எடை அட்டை."

மஞ்சப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். பஸ் ஸ்டாண்டிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் கலர் பல்பு எரிய நிற்குமே, எடை பார்க்கும் மிஷின், அதிலிருந்து விழுகிற அட்டை. முன்பக்கம் ஒரு நடிகையோ நடிகரோ சிரிப்பார்கள். பின்பக்கம் ஆளின் எடையும், 'பொறுமை வெற்றி தரும்' என்பதுபோல ஒரு வரி ஜோசியமும் இருக்கும். மிளகு மூட்டையோடு மலையை விட்டுக் கீழே இறங்கும்போதெல்லாம் சின்னமுத்து மிஷின்மேல் ஏறாமல் திரும்பியதில்லை. பிஸ்கட் டின் நிறைய அட்டை. மலையிலேயே வேறு ஊர்க்கூட்டமான எடப்புளி நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து இரட்டை விழுந்த நடிகையைக் கொடுத்துவிட்டு வேறு நடிகையை வாங்கிப் போவார்கள்.

"ஊருல எல்லாரும் பொண்டாட்டிக்குப் பூவு வாங்கிட்டு வாராங்க. இவரு மட்டும் தன் எடைய வாங்கிட்டு வாராரு" என்பாள் அவர் மனைவி பொன்னாயி.

அந்த டின்னில் யாருக்கும் மாற்றிக் கொடுக்காத அட்டை ஒன்று உண்டு. அதில் எடை கிடையாது. நடிகை இருந்தாள், 'இன்று உனக்கு நற்செய்தி' என்ற ஜோசியம் இருந்தது, எடை போட வேண்டிய கட்டம் மட்டும் வெறும் வெள்ளை. தேன்மொழி பிறந்த அன்றைக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டில் விழுந்த அட்டை அது.

அதற்கு முன் பொன்னாயிக்குப் பிறந்தது எதுவும் தங்கவில்லை. இந்தத் தடவை தூளி கட்டி மலையிலிருந்து இறக்கி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்சம்மா வந்து சொன்னதும் சின்னமுத்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் சொல்லுகிற கணக்கு அதுதான். பாவாத காலோடு நடந்து நடந்து பஸ் ஸ்டாண்டு வந்து மிஷினில் ஏறினார். சக்கரம் சுற்றியது. அட்டை விழுந்தது. எடை இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் இவரைப் பார்த்துவிட்டு, 'ஆளே இல்லாத சீட்டுக்கு என்னத்த டிக்கெட்டு' என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாராம். மலைமேல் அடிக்கிற அறப்பளிக் காற்று தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று மடியில் நாலு கல்லைக் கட்டிக்கொண்டுதான் மலையேறினாராம். அந்தக் கற்களை நானே பார்த்திருக்கிறேன். சாதாரணக் கற்கள்தான்.

ராசு மட்டும் ஒத்துக்கொண்டதேயில்லை. சின்னமுத்துவுக்கு அவன் சித்தப்பன் மகன், தம்பி முறை. "மிஷின்ல மை தீந்துபோயிருக்கும்ணா. உத்துப் பாத்தா உள்ள நம்பரு மங்கலாத் தெரியுது" என்று கல்யாண வீட்டிலும் சொல்வான், எழவு வீட்டிலும் சொல்வான். டீக்கடையில் இதற்கென்று இரண்டு கட்சி இருந்தது.

தேன்மொழி வளர்ந்ததே அந்த அட்டையின் கீழேதான். கல்யாணமாகிச் சேந்தமங்கலம் போனாள். மாமியார் ஏதாவது சொல்லிவிட்டால் கொல்லைப்புறம் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, தான் பிறந்ததைக் கேட்டு ஒரு மனுசன் எடை இழந்து நின்றதை நினைத்துக்கொள்வாள். பிறகு வந்து சோறாக்குவாள். அட்டையில் நம்பர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவளுடைய வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அன்றைக்கு அவர் குழம்பில் உப்பில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து தேன்மொழி மலையில்தான் இருந்தாள். சந்தை நாளான அன்று விடியற்காலையில் ராசு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணா, போறதுக்குள்ள ஒத்துக்க. அதுல நம்பரு இருக்குது."

 சின்னமுத்து மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இன்னிக்குச் சந்தைதான? ஒரு பூதக்கண்ணாடி வாங்கிட்டு வா. பாத்துப்போடலாம். ஆளப் பாத்துப் பேசற கண்ணாடி வேண்டாம் சாமி. உள்ளதச் சொல்றதா வாங்கு."

அப்படித்தான் அவள் செங்கோடனின் மேசைக்கு வந்தாள்.

முதலில் எடுத்தது ரேகை பார்க்கிறவர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கண்ணாடி. பித்தளைப் பிடி, தோசை அகலம். பார்ப்பதற்கென்று டின்னிலிருந்து கொண்டுவந்த வேறொரு அட்டையை அதன் கீழே வைத்தாள். நடிகை இன்னும் கொழுகொழுவென்று ஆனாள், அவ்வளவுதான். அட்டையின் பின்பக்கம் எடை எழுத்து தேய்ந்து மறைந்திருந்தது. அந்தக் கண்ணாடியிலும் மறைந்தேதான் இருந்தது.

"இதுல எல்லாம் பெருசாத் தெரியும், வெவரமா ஒண்ணும் தெரியாது" என்றார் செங்கோடன். "ரேகை பாக்கறதுக்கு அதான் தோது."

மூன்றாவது, இரும்பு வளையத்தில் பதித்த சின்னக் கண்ணாடி. கைப்பிடி கறுப்பு. "பவர் கூடுனா வட்டம் சுருங்கிரும்ங்க. அட்டைமேல ஒட்டுனாப்பல வெச்சுப் பாக்கணும். கை நடுங்கறவங்க அட்டையிலயே ஊணிக்கலாம்."

தேன்மொழி ஊன்றிப் பார்த்தாள். நடிகையைக் காணோம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள்தான் இருந்தன.

"பயப்படாதீங்க. அச்சுங்க அது. இதுல பாத்தா எல்லா நடிகைக்கும் அம்மை வாத்துத்தான் கெடக்கும்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்துபோன கட்டத்துக்குள் எழுத்து அழுந்திய பள்ளம் தெரிந்தது. பிறகு எண்ணே தெரிந்தது. அப்பாவின் ஏதோ ஒரு நாளைய எடை, இவ்வளவு நாளும் ஒளிந்திருந்துவிட்டு எழுந்து நின்றது.

அவள் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டாள். ரேகைக்காரர் கண்ணாடியை மறுபடி எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து பஸ் ஒன்று போய்விட்டது. பித்தளைப் பிடியை முந்தானையால் துடைத்தாள்.

"அதா, இதா?" என்றார் செங்கோடன்.

எங்கள் பக்கம் போகிற அடுத்த பஸ் ஹாரன் அடித்தது. தேன்மொழி இரும்பு வளையத்தை நீட்டினாள்.

"இதையே கட்டிக் குடுங்க."

"திருகு கொஞ்சம் லூசா இருக்குதுங்க. செத்த நில்லுங்க, இறுக்கித் தாரேன்."

"பஸ் போயிருமுங்க!"

பேப்பரில் சுற்றி மஞ்சப்பையில் வெற்றிலைக் கட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு ஓடினாள். எங்கள் ரோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்மேட்டில் தயிராக ஏற்றினால் ஊரில் வெண்ணெயாக இறக்கலாம். தேன்மொழி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தேன்மொழி பையோடேயே உள்ளே போனாள்.

உள்ளே ராசு கோழி இறகோடு குனிந்திருந்தான். எங்கள் ஊரில் யார் செத்தாலும் செத்தார் என்று சொல்கிற உரிமை ராசுவுக்குத்தான். அவனுடைய அப்பனுக்கும் அந்த உரிமை இருந்தது. மூக்கின் கீழே இறகைப் பிடிப்பான். இறகு ஆடாவிட்டால் ஆள் இல்லை. அன்றைக்கு இறகு ஆடிக்கொண்டே இருந்தது. சன்னல் காற்றா, சின்னமுத்துவின் மூச்சா என்று யாருக்கும் தெரியவில்லை.

"சன்னலச் சாத்துங்கடா" என்றான். சாத்தினார்கள். கூரை இடுக்கால் அப்போதும் காற்று வந்தது. "இது ஆகாது. கண்ணாடி வேணும். கண்ணாடியில ஆவி படிஞ்சா உசுரு, படியலீன்னா இல்ல. தேனு, பையில என்ன? அதக் குடு இங்க."

அவள் கொடுக்கவில்லை. அவனே எடுத்தான். இருட்டில் பேப்பரைப் பிரித்து, வளையத்தைச் சின்னமுத்துவின் மூக்கருகே வெகுநேரம் பிடித்திருந்தான். பிறகு தன் முகத்துக்கு நேரே தூக்கிக் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"துளி ஆவி இல்ல. அண்ணன் போயிட்டாரு."

பொன்னாயி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தாடைக்கு ஒரு துணி. திண்ணனூர் நாட்டுக்கு ஒரு ஆள், எடப்புளி நாட்டுக்கு ஒரு ஆள், செம்மேட்டு டெலிபோன் பூத்துக்கு ஒரு ஆள் என்று எழவு சொல்லப் போனார்கள். தேன்மொழி அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். பாதத்தைப் பிடித்தாள். ஒரு பஸ் முந்தி வந்திருக்கலாம். பித்தளைப் பிடியை எடுத்து வெயிலில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த பஸ் போனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் சாய்வதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சேந்தமங்கலத்திலிருந்து சம்பந்தி ஜீப் பிடித்துக் கோடித்துணியோடு வந்தார். தப்பட்டைக்காரர்கள் வாசலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். பாவாயி வந்து தலைவிரித்து உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். அவளைவிட நன்றாக அழ எங்கள் பக்கத்தில் ஆளில்லை.

"மிஷினேறி நின்னவரே, மெதக்க வந்த ராசாவே,
மூட்டை எடை சொன்னவரே, முள்ளு எங்க போச்சுதய்யா..."

"பாவாயி," என்றது ஒரு குரல். "ராகம் எறங்குது."

பாவாயி அப்படியே நிறுத்தினாள். தாடைக் கட்டோடு பேசியதால் குரல் கொஞ்சம் கொழகொழத்தது. ஆனாலும் சின்னமுத்துவின் குரல்தான்.

"காலு எதுக்குடா கட்டிக் கெடக்குது? நான் எங்க ஓடப்போறேன்?"

ஓடியவர்கள் யார் யார் என்பதை நாகரிகம் கருதி எழுதவில்லை. வாசலில் ஜீப்பின் அடியில் ஒருவர் இருந்தார் என்று மட்டும் சொல்லலாம். சம்பந்திக்கு நல்ல உடம்பு.

தேன்மொழி ஓடவில்லை. கட்டைவிரல் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"எம்புட்டு நேரமாக் கண்ணு இந்தக் கூட்டம்?"

"இப்பத்தானுங்கப்பா."

"அடுப்பு எரியுதா?"

எரியவில்லை. எழவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது. ஆனால் எழவு இல்லை. என்ன செய்வது என்று யாருக்கும் வழக்கம் தெரியவில்லை. பொன்னாயி எழுந்து, நனைந்த சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, தப்பட்டைக்காரர்களின் தீயிலிருந்து ஒரு கொள்ளியை வாங்கி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி வந்தது. சின்னமுத்து டம்ளரை வாங்கி, குடிக்காமல் அவள் பக்கம் நீட்டினார்.

"நீ மொதல்ல குடி."

அவள் குடித்தாள். காலையிலிருந்து அவள் வாயில் எதுவும் படவில்லை.

பிறகு அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

"வந்தீங்களே," என்றார். "செத்தா வருவீங்களான்னு ஒரு சந்தேகம் எனக்கு. தீந்துபோச்சு. நல்லா இருங்க, சாமி. நல்லா இருங்க."

குச்சிக்கிழங்கு நடும்போது ஏர் கொடுத்தவனுக்கு அதைச் சொன்னார். வேலித் தகராறில் ஏழெட்டு வருசம் பேசாதிருந்த பக்கத்துக் காட்டுக்காரனுக்கு இரண்டு தடவை சொன்னார். அழுததற்காகப் பாவாயிக்குச் சொன்னார். சம்பந்தி தயங்கித் தயங்கி வந்தபோது அவர் அக்குளில் இருந்த கோடித்துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல சரக்கு. இருங்க, கட்டிப் பாக்கறேன்" என்று அங்கேயே இடுப்பில் சுற்றிக்கொண்டார். தன் கோடியைத் தானே உடுத்தி உட்கார்ந்த ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

"கண்ணாடி வாங்கிட்டியா சாமி?"

தேன்மொழி ராசுவைப் பார்த்தாள். அவன் மாடத்தில் வைத்திருந்த வளையத்தை எடுத்து வந்தான். அதைக் கையில் திருப்பித் திருப்பி ஏதோ பார்த்தான். "அண்ணா, இது..." என்று தொடங்கினான்.

"கொண்டாடா."

கொடுத்தான். தலையணை அடியிலிருந்து அட்டை வந்தது. வெளுத்துப்போன நடிகை. சின்னமுத்து அதைத் திருப்பி மடியில் வைத்து, கண்ணாடியை அதன்மேல் ஊன்றிக் குனிந்தார். வீடே குனிந்தது. தேன்மொழி மட்டும் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 ஒரு விரல் அட்டையின் கட்டத்தை மெல்லத் தடவியது. பிறகு தலையை நிமிர்த்தி மகளைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"சுத்த வெள்ள, கண்ணு. சைபர்கூட இல்ல."

தேன்மொழி நிலையை விடவில்லை.

"நான் ஒருத்தன் சொன்னாப் போதாது. எல்லாரும் பாருங்க."

வளையமும் அட்டையும் கைமாறின. சம்பந்தி பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்களே" என்றார். வேலிக்காரன் பார்த்தான். பாவாயி பார்த்து மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கொடுத்தார்கள். நானும் நன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். அதில் பொய்யில்லை.

கடைசியாக ராசுவின் கைக்கு வந்தது. டீக்கடையின் இரண்டு கட்சியும் அவனைப் பார்த்தது. அவன் வாசல் வெளிச்சத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"என்னடா?"

"உள்ள ஒண்ணுமில்லண்ணா."

"நம்பரு?"

"இல்லண்ணா. நான்தான் இத்தன நாளாத் தப்பாப் பாத்துட்டேன்."

"பின்ன?" என்றார் சின்னமுத்து. "எடையில்லாத ஆளுக்கு எப்படிடா வரும்?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. பொன்னாயி நெஞ்சைத் தடவினாள்.

"நீ பாக்கலியா கண்ணு?"

"நீங்க பாத்தாச் சரிங்கப்பா," என்றாள் தேன்மொழி.

வந்தவர்கள் எல்லாருக்கும் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆனது. எழவு வீட்டில், எழவுக்குரியவரே, 'இன்னொரு கரண்டி போடு அவருக்கு' என்று உட்கார்ந்த இடத்திலிருந்து விசாரிக்க, சாப்பிட்டோம். காய்ச்சிய தப்பட்டையை அடிக்காமல் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று தப்பட்டைக்காரர்கள் சங்கடப்பட்டார்கள்.

"அடிங்க. நோம்பி அடி அடிங்க" என்றார் சின்னமுத்து. "கேட்டுக்கிட்டுப் படுக்கறேன்."

அடித்தார்கள். கோயில் நோம்பித் திருவிழாவுக்கு அடிக்கிற துள்ளலான அடி. பிள்ளைகள் வாசலில் ஆடின. உள்ளே அவர் தேன்மொழியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். அவள் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்திருந்தாள். அட்டை அவர் கையில் இருந்தது. வெயில் சாய்ந்து பலா மரத்துக்குப் பின்னால் போனது. தலை அவள் மடியில் கொஞ்சம் கனத்தது.

அவள் கூப்பிடவில்லை.  வாசலில் முன்னால் நின்று அடித்தவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். அடி தானாக மாறியது. ராசு வந்தான், இறகு எடுத்து வரவில்லை. அண்ணன் கையிலிருந்த அட்டையை எடுத்து, அவர் சட்டைப் பையில் நடிகை உள்பக்கம் பார்க்க வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டான். உடுத்தியிருந்த கோடியோடேயே மறுநாள் காலையில் குழியில் இறக்கினோம். நல்ல மழை ஈரம். மண் லேசாக வந்தது.

குழிமேட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு வெற்றிலை கொடுக்க வேண்டும். தேன்மொழி ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பையை எடுத்து வந்து பாயில் கவிழ்த்தாள். வெற்றிலைக் கட்டு விழுந்தது. அதன் பின்னாலேயே, வட்டமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஒன்று உருண்டு வந்து ராசுவின் காலருகே படுத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவன் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளத் தொடங்கினான். அவள் பாக்கு எடுத்து வைத்தாள்.

பஸ் குலுக்கலிலேயே வளையத்தை விட்டுக் கழன்றுவிட்ட அந்தக் கண்ணாடி, முந்தின நாள் முழுவதும் பைக்குள்ளேயேதான் கிடந்தது.